காக்காக் கடி

இங்கே மூன்று வயதுப் பிள்ளைகள் சோற்றுக்கு நன்றி சொல்லிவிட்டு மறுக்கிறார்கள். தட்டில் வேகவைத்த பூக்கோசு இருக்கும். பிள்ளை அதை ஒரு தரம் பார்க்கும், முள்கரண்டியால் ஒரு தரம் குத்தும், நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கும். பிறகு நிமிர்ந்து "நோன் மெர்சி" என்று சொல்லும். வேண்டாம், நன்றி. அதற்குமேல் யாரும் கெஞ்சக் கூடாது. தட்டை எடுத்துவிட வேண்டும். எடுப்பதுதான் என் வேலை. பாரிசுக்கு வடக்கே ஒரு சிறிய ஊரில், மழலையர் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறேன். அந்தக் கூடத்தைக் கந்தின் என்பார்கள். பிள்ளைகள் என்னைச் செல்வி என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அதுகூட இரண்டு மாதத்தில் பழகிவிட்டது. கெஞ்சாமல் தட்டை எடுப்பது மட்டும் இன்னும் பழகவில்லை.

எங்கள் பக்கத்தில் பிள்ளை சோற்றை மறுப்பது என்றால் அது ஒரு கலவரம். வாயை இறுக்கும், கழுத்தைத் திருப்பும், தட்டைத் தள்ளிவிட்டுத் தெருவில் ஓடும். தாய் பின்னால் ஓடுவாள். நாயைக் காட்டுவாள், போலீசைக் கூப்பிடுவாள், கடைசியில் ஒரு வாய் போய்விட்டால் ஊரையே ஜெயித்த மாதிரி இடுப்பில் கை வைத்து நிற்பாள். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இங்கே என்னைப் போல் கந்தினில் நிற்கிற பெண்களுக்கும் தெரியும், நிரம்பிய தட்டைக் குப்பையில் கவிழ்க்கும்போது கை எப்படிக் கூசும் என்று.

பாகூரிலிருந்து சோரியாங்குப்பம் போகிற வழியில் இருக்கிறது என் ஊர். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். இதை எங்கே போனாலும் சொல்வேன். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுகிறவர்கள். கரும்பு இலையின் சோகை அறுத்த தழும்பு இல்லாத விரல் அவர்கள் கையில் கிடையாது. என் விரலில் ஒன்றுகூட இல்லை. அம்மா அடிக்கடி என் கையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்துக்கொள்வாள். ஆசிரியர் பட்டயப் படிப்பு முடித்து, சில ஊர் தள்ளி ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு மிஸ்ஸாகச் சேர்ந்தேன். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, ஸ்கூட்டி, தோளில் பை. வாசலில் நான் வண்டியை நிறுத்துவதற்குள் பிள்ளைகள் பாய்ந்து வருவார்கள். ஒருத்தி பையைப் பிடுங்குவாள், ஒருத்தன் ஹெல்மெட்டைப் பிடுங்குவான், ஒன்றும் கிடைக்காதவன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடப்பான்.

மதியம் நாங்கள் வட்டமாக உட்காருவோம். எல்லா டப்பாவிலும் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சம் ஒரு பெரிய கிண்ணத்தில் கொட்டிப் பிசைவேன். ஒருத்தர் வீட்டுச் சாம்பார் சாதம், இன்னொருத்தர் வீட்டுத் தயிர் சாதம், யாரோ கொண்டுவந்த உருளைக்கிழங்கு. அதை உருட்டி உருட்டி ஆளுக்கு ஒரு வாய் கொடுத்துக்கொண்டே போவேன். வீட்டில் ஒரு பருக்கை தொடாத பிள்ளை அந்த வட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்.

"மிஸ், எனக்கு ரெண்டு வாய்!"

"ஏய், நேத்தே நீதான்டி ரெண்டு வாங்கின!"

"மிஸ், இவன் மென்னுட்டேன்னு பொய் சொல்றான் மிஸ், கன்னத்துல வெச்சிக்கினு இருக்கான்."

இப்படிச் சண்டை போட்டுத் தின்பார்கள். அதில் தர்ஷினி என்று ஒருத்தி. கரும்பு நிலம் வைத்திருப்பவர் வீட்டுப் பெண். என் பக்கத்து இடத்துக்காக மற்ற பிள்ளைகளைக் கிள்ளுவாள்.

இந்த வருஷம் பள்ளி திறந்தபோது இங்கே நிலன் வந்தான். மூன்று வயது. ஒரு சொல் பிரெஞ்சு தெரியாது. காலையில் அழத் தொடங்கினால் கந்தினுக்கு வரும்போது குரல் கம்மியிருக்கும். தட்டை வைத்தால் முகத்தைத் திருப்புவான். நோன் மெர்சி என்று சொல்லக்கூடத் தெரியாமல், முதல் இரண்டு நாள் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுச் சாயங்காலம்வரை கிடந்தான். அவன் அழுகைக்குள் "அம்மாகிட்ட போவணும்" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது என்பது அந்தக் கட்டடத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரிந்தது. மூன்றாம் நாள் பக்கத்தில் குந்தி, "இன்னாடா பேரு?" என்று கேட்டேன்.

அந்த 'இன்னா' காதில் விழுந்ததும் அழுகை நின்றது. கன்னத்தில் கண்ணீரோடு என்னைப் பார்த்தான்.

"நீ எங்கூரா?"

"ஆமாண்டா, உங்கூருதான்."

அன்றைக்கு ஆறு வாய் தின்றான். மறுநாளிலிருந்து என் மேசையைத் தவிர வேறு மேசையில் உட்காரமாட்டான். கையால் ஊட்டக் கூடாது என்பதால் கரண்டியாலேயே, காதோடு தமிழ் பேசிக்கொண்டே, பாஸ்தாவைப் புழு என்றும் மீனைக் கப்பல் என்றும் சொல்லி ஏமாற்றி உள்ளே தள்ளினேன். பிரெஞ்சுச் சொற்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். ரொட்டிக்கு, தண்ணீருக்கு, மூத்திரத்துக்கு. "புடிக்கலன்னா அழாத. நோன் மெர்சின்னு சொல்லு, எடுத்துடுவாங்க" என்றேன். அவன் "நோம் மெச்சி" என்றான். மூக்கால் சொல்ல வேண்டும் என்று அவன் மூக்கைப் பிடித்துக் காட்டினேன். அவன் என் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தான். இருவரும் சிரித்தோம். எனக்கு இந்த நாட்டில் அதுவரை ஒரு மாணவன் இருந்ததில்லை. என் பட்டயம் இங்கே செல்லாது. அலமாரியில் கிடக்கிறது. ஆனாலும் அந்த மேசையில் நான் மறுபடியும் மிஸ்.

ஒருநாள் கடைசியில் பிஸ்கட் கொடுத்தார்கள். நிலன் தன்னுடையதை என்னிடம் நீட்டி, "உனக்கும்" என்றான். யோசிக்கவேயில்லை. ஏப்ரன் நுனியை பிஸ்கட்டின் மேல் சுற்றி, துணியோடு கடித்து உடைத்தேன். காக்காக் கடி. துணி நடுவில் இருந்தால் எச்சில் படாது, எச்சில் இல்லை என்றால் யார் கடித்ததை யார் வேண்டுமானாலும் தின்னலாம். இதைவிட நியாயமான சட்டத்தை எந்தப் பெரியவரும் எழுதியதில்லை. நிலனுக்கு அந்த 'நறுக்' சத்தம் பிடித்துவிட்டது. பாதியைத் தின்றுவிட்டு அடுத்த பிள்ளையின் பிஸ்கட்டையும் பிடுங்கி என்னிடம் நீட்டினான்.

கந்தின் பொறுப்பாளர் கரீன் பார்த்துவிட்டார். தனியே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "செல்வி, பிள்ளைகளின் உணவை நாம் வாயில் வைக்கக் கூடாது. இஜியேன்." அந்தச் சொல் எனக்குத் தெரியும். சுகாதாரம். கேட்டதும் உடம்பெல்லாம் தீப்பிடித்தது. என் பிரெஞ்சு உடைந்து நொறுங்கியது. "என் வாய் சுத்தம்! என் கை சுத்தம்! நான் இந்தியாவில் ஆசிரியை!" என்று கத்தினேன். கரீன் மிரண்டுபோய்த் தன் கையுறையைக் கழற்றி, தன் கையையே காட்டி, "என்னுடையதும் கூடாது செல்வி. யாருடையதும் கூடாது" என்றார். நான் எதற்குக் கத்தினேன் என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. எப்படிப் புரியும்? அவர் எல்லாக் கையையும் சேர்த்துச் சொன்னார். என் காதில் வேறொரு ஊரின் சொல் விழுந்தது.

நர்சரிப் பள்ளியில் நான் மிஸ்ஸாக இருந்தபோது ஒருநாள், தர்ஷினியின் பிறந்தநாள். ஞாயிற்றுக்கிழமை. அவளுடைய அப்பா போன் செய்தார். "மிஸ்ஸு, பாப்பாக்கு பொறந்தநாளு. உங்கள பாத்தே ஆவணும்னு ஒரே அழுக. அவ கையால ஒரு சாக்லேட் குடுத்துட்டு ஓடிடறோம். வூடு எங்க?"

வழி சொன்னேன். நேராக வந்து, தண்ணீர்த் தொட்டி தாண்டி இடது கைப்பக்கம் திரும்பினால் காலனி, மூன்றாவது வீடு. யாருக்கும் சொல்வது போலத்தான் சொன்னேன்.

"அங்கயா மிஸ்ஸு?"

"ஆமா சார்."

"சரி. நாங்க ரோட்டாண்டயே நிக்கிறோம். நீங்க இப்டி வந்துடுங்க."

எங்கள் தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் தார் முடிந்து மண் தொடங்கும். அந்தத் தார் விளிம்பில் முன்சக்கரம் மண்ணில் படாமல் வண்டியை நிறுத்தியிருந்தார். அவர் குடும்பத்துக் கரும்பை என் அப்பா வெட்டியிருக்கிறார். அது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தர்ஷினி பட்டுப் பாவாடையோடு குதித்து ஓடிவந்து என் வயிற்றில் முட்டினாள். பெரிய சாக்லேட் ஒன்றை என் கையில் வைத்துவிட்டு, கொடுத்ததும் மனசு மாறி, "எனக்கும் பாதி மிஸ். காக்கா கடி கடிங்க" என்றாள். முந்தானையைச் சுற்றிக் கடித்தேன். ஒரு பாதியை அவள் கையில் கொடுத்தேன். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டாள்.

அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே சாய்ந்து, சிரித்த முகத்தோடு, அவள் கையில் இருந்த பாதியை எடுத்து வாய்க்காலில் எறிந்தார்.

"கீழ வுழுந்துடுச்சி பாப்பா. அத துன்னக் கூடாது. அப்பா வேற வாங்கித் தரேன்."

"கீழ வுழலப்பா."

"வுழுந்துச்சி. நீ பாக்கல. மிஸ்ஸுக்கு டாட்டா சொல்லு."

அது விழவில்லை. மூன்று பேருக்கும் தெரியும். தர்ஷினி தன் காலியான கையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். வகுப்பில் யாராவது பொய் சொன்னால் நான் விடமாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அதற்குள் வண்டி திரும்பிவிட்டது. பின்சீட்டில் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மறுநாள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஹைஜீன் காரணமாக எல்லாப் பிள்ளைகளும் ஸ்பூன் கொண்டுவர வேண்டும், தங்கள் டப்பாவில் இருப்பதைத் தாங்களே சாப்பிட வேண்டும். தாளாளர் என்னைக் கூப்பிட்டு நாற்காலி காட்டினார். நல்ல மனிதர் போலத்தான் பேசினார்.

"நீங்க நல்ல மிஸ்ஸும்மா. பசங்களுக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்குது. அதான் பிரச்சினையே. கொஞ்சம் தள்ளியே வெச்சிக்குங்க."

"எத சார் தள்ளி வெக்கணும்?"

"உங்களுக்குப் புரியும்மா. படிச்சவங்க."

படித்தவள் என்ற சொல்லை அதற்குமுன் யாரும் என் மேல் அப்படி எறிந்ததில்லை. மதியம் அந்த வட்டத்தில் ஸ்பூன்கள் பளபளத்தன. பழக்கத்தில் சில வாய்கள் என் பக்கம் திறந்து, பிறகு மூடிக்கொண்டன. தர்ஷினி ஸ்பூனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கிட்டே வந்து ரகசியம் போலக் கேட்டாள்: "மிஸ், உங்க கையால துன்னா வாந்தி வருமாம். அப்பா சொன்னாரு. எனக்கு ஒரு வாட்டிகூட வரலியே மிஸ்?"

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் சாதி என்று யாரும் சொல்வதில்லை. கீழே விழுந்துவிட்டது என்கிறார்கள், வாந்தி வரும் என்கிறார்கள். பிள்ளை தன் கண்ணையும் வயிற்றையும் நம்பிக் கொஞ்ச நாள் எதிர்த்துக் கேட்கும். பிறகு கேட்காது. தர்ஷினி மாசி மாதம்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பங்குனியில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது, அதற்காக யாரும் யாரையும் கிள்ளவில்லை. நான் வேலையை விடவில்லை. துரத்தட்டும் என்று இருந்தேன். அவர்கள் துரத்தவில்லை. திருமணமாகிப் புறப்பட்டபோது சால்வைகூடப் போர்த்தினார்கள்.

என் கணவர் சேகர் எங்கள் தெருக்காரர்தான். எங்கள் பக்கத்தைப் பிரெஞ்சுக்காரர் ஆண்டபோது அவருடைய தாத்தா அவர்கள் பட்டாளத்தில் சேர்ந்து பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர். எங்கள் பக்கம் அப்படிப்பட்ட குடும்பத்தைச் சொல்தா வீடு என்பார்கள். நிலம் இருக்கிறவன் ஏன் துப்பாக்கி தூக்கப் போகிறான்? நிலமில்லாததால் கிடைத்த நாடு இது. விமானம் ஏறும்போது நான் ஒன்று நினைத்தேன், போகிற ஊரில் எந்தத் தெரு என்று கேட்க யாரும் இல்லை என்று. வெள்ளைக்காரர்கள் கேட்கவில்லை என்பது உண்மை. நம்மவர்கள் இங்கேயும் வந்திருப்பார்கள் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

நிலனின் அம்மா கௌசல்யா. வில்லியனூர்ப் பக்கம். மகன் வீட்டில் ஓயாமல் என்னைப் பற்றியே பேசுகிறான் என்று ஒரு சாயங்காலம் பள்ளி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "அக்கா, நீங்க மட்டும் இல்லன்னா இவன் இன்னாத்துக்கு ஆயிருப்பான்! தெய்வம் மாதிரி வந்தீங்க. காக்கா கடின்னு சொல்லிச் சொல்லி எல்லாத்தையும் துணில சுத்திக் கடிக்கிறான்கா." எவர்சில்வர் டப்பா நிறைய உளுந்து வடை கொடுத்தாள். வீட்டில் சேகர் இரண்டு வடை தின்றபிறகு கேட்டார்.

"எந்த ஊரு அவங்க?"

சொன்னேன்.

"உன்ன கேட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"கேப்பாங்க. பாகூர்னு சொல்லு. அத்தோட நிறுத்து. இன்னாத்துக்கு வம்பு?"

"வூட்டு அட்ரஸ் சொல்றது வம்பாய்யா?"

"உனுக்கு வாய் அடங்காது. புள்ள துன்றானே, அத பாரு."

அவர் சொன்னதில் அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை உறுத்தியது. பிள்ளை தின்கிறான். நான் வாயை மூடினால் தின்றுகொண்டே இருப்பான்.

டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற பழக்கம் நம்மிடம் கிடையாது. நெய்யில் ரவா உருண்டை பிடித்து, டப்பாவை நிரப்பி எடுத்துப்போனேன். வாசலில் கௌசல்யா முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். டப்பாவுக்குக் கை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஐயோ, எதுக்குக்கா இதெல்லாம்! ஆமா, நீங்க ஊர்ல எங்கக்கா?"

"பாகூர்."

"பாகூர்லயேவா? எங்க சித்தி வூடு அங்கதான். எந்தப் பக்கம்?"

"சோரியாங்குப்பம் போற ரோடு."

"அந்த ரோட்ல எங்கக்கா? எந்தத் தெரு?"

சேகர் முகம் ஞாபகம் வந்தது. நிலன் அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். என் வீட்டில் அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறாள், வாசலில் என் பெயரும் படிப்பும் எழுதிய பலகை இருக்கிறது. அதை ஏன் நான் மறைக்க வேண்டும்?

"தண்ணித் தொட்டி தாண்டி, காலனி. மூணாவது வூடு" என்றேன்.

நீட்டிய கை நின்றது. பிறகு, வேறெதற்கோ நீட்டியது போல, மகனின் தொப்பியைச் சரிசெய்யப் போனது. சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது.

"ஓ... அப்டியா. டப்பா கெடக்குதுக்கா, நீங்களே வெச்சிக்குங்க. எங்க வூட்ல நெறைய இருக்குது."

"உருண்டைமா!" என்றான் நிலன்.

"அது காரம்டா. உனுக்கு ஆவாது. வா, பஸ் போயிடும்."

ரவா உருண்டை காரம். அவன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அப்படிப் போகிற பிள்ளையை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

அடுத்த வாரம் கரீன் நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னார். நிலனை வேறு மேசைக்கு மாற்றுகிறோம். அவன் பிரெஞ்சு கற்க வேண்டும், என்னோடு தமிழிலேயே பேசுவதால் பின்தங்குகிறான், அம்மாவே கேட்டுக்கொண்டார். "அவர் சொல்வது சரிதானே, செல்வி?"

சரிதான் என்பதுதான் அதில் இருந்த கொடுமை. நான் விளக்கப் பார்த்தேன். சாதிக்கு இங்கே சொல்கிற சொல்லால், காஸ்த் என்றேன். அவருக்குத் தெரிந்த சொல்தான், எப்போதோ தொலைக்காட்சியில் கேட்டிருக்கிறார். புருவத்தைச் சுருக்கி, உண்மையாகவே புரிந்துகொள்ள முயன்று, கடைசியில் கேட்டார்: "ஆனால் நீங்கள் இரண்டு பேரும் இந்தியர்கள்தானே?"

நான் ஆமாம் என்றேன்.

புதிய மேசையில் நிலன் தின்பதில்லை. அந்த மேசைக்காரப் பெண் நல்லவள், விதி தெரிந்தவள், தட்டை எடுத்துவிடுகிறாள். அவன் அழுவதும் இல்லை. என் பக்கம் பார்ப்பான், நான் பார்த்தால் குனிந்துகொள்வான். கன்னம் ஒட்டிவிட்டது. சேகரிடம் சொன்னேன். அவர் தன் தட்டை எடுத்துக் கழுவினார். அப்போதே சொன்னேனே என்று சொல்லியிருக்கலாம், நான் பதில் வைத்திருந்தேன். என் தெருவைச் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. ஒரு பிள்ளையின் பசியைப் பணயமாக வைத்து என்னிடம் பொய் கேட்டவர்கள்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கன்னத்தைப் பார்க்கும்போது இந்த நியாயமெல்லாம் எங்கோ ஓடிவிடுகிறது.

நேற்று ரொட்டிக் கூடை தூக்கும் முறை என்னுடையது. எல்லா மேசைக்கும் போக வேண்டும். நிலனின் மேசைக்கு வந்து கூடையை அவன் முன்னால் நீட்டினேன். கையுறை போட்டிருந்தேன். ரொட்டியை நான் தொடவும் வேண்டாம், அவனே எடுத்துக்கொள்ளலாம். அவன் கண் ரொட்டியின் மேல் இருந்தது. எச்சில் விழுங்கியது தொண்டையில் தெரிந்தது. கைகள் இரண்டும் மெதுவாக மேசைக்கு அடியில் போயின.

"நோன் மெர்சி."

உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. மூக்கில் வர வேண்டியது மூக்கில் வந்தது. அந்த மேசைக்காரப் பெண், "பிராவோ, நிலன்!" என்று கை தட்டினாள். இனி கெஞ்சக் கூடாது. பின்னால் என் மேசைப் பிள்ளைகள் ரொட்டி கேட்டு, செல்வி, செல்வி என்று என் பெயரைச் சொல்லிக் கரண்டியால் தட்டுகிறார்கள். அவர்களில் யாருக்கும் என் தெரு தெரியாது, தெரிந்தாலும் அவர்களுக்கு அது ஒரு தெரு. என் தெரு தெரிந்தவன் முன்னால் நிற்கிறேன், கூடையோடு. காலுக்குக் கீழே வழுவழுப்பான வெள்ளைத் தரை. அதில் எனக்கு மட்டும் தெரிகிறது, தார் முடிந்து மண் தொடங்குகிற அந்த விளிம்பு.